அலையாத்திக் காட்டுக்குச் சிறு நிதி வாங்கிய அனுபவம்

எங்கள் குழுவில் 17 பேர். பாதிப் பேர் கையால் நண்டு பிடிப்பவர்கள். மற்றவர்கள் மட்டி பொறுக்குகிறவர்கள், படகுக்குப் போகிறவர்கள். நான் பொருளாளர். கழிமுகத்தில் அழிந்துபோன அலையாத்திக் காட்டை மீட்க 12 வருடமாக வேலை செய்கிறோம். இதுவரை நான்கு முறை வெளியிலிருந்து சிறு நிதி கிடைத்திருக்கிறது. ஒன்பது விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. பதின்மூன்றையும் எழுதியவள் நான்தான், கணக்கு காட்டியவளும் நான்தான்.

கைபேசி வாங்குவதற்கு முன் பத்துப் பேர் எழுதிய மதிப்புரையைப் படிக்கிறோம். ஒரு ஊரின் இரண்டு வருட உழைப்பு எந்தப் பக்கம் போகும் என்று முடிவு செய்கிற இந்த நிதிகளைப் பற்றி, வாங்கியவர்கள் எழுதி நான் படித்ததே இல்லை. கொடுப்பவர்களின் அழகான அறிக்கைகள்தான் கிடைக்கின்றன. அதனால் எழுதுகிறேன்.

ஒரு நிதி நல்லதா என்று பார்க்க நான் முதலில் தேடுவது தொகையை இல்லை, தவணைத் தேதியை. பருவம் பார்த்துப் பணம் வருமா, பருவம் தவறினால் காத்திருப்பார்களா என்பதுதான் என் முதல் கேள்வி. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுக்கு முதல் நிதி தந்தவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அவர்களுடைய படிவம் எங்களைத் தப்பான இடத்தில் நட வைத்தது. 'எத்தனை கன்றுகள்?' என்று ஒரு கட்டம். 8,000 என்று நிரப்பினோம். அவ்வளவு கன்றுக்கு இடம் எங்கே இருக்கிறது? மேட்டுப் பகுதி எல்லாம் யாருக்காவது சொந்தம், இல்லாவிட்டால் கைவிடப்பட்ட இறால் பண்ணை. யாருக்கும் சொந்தமில்லாதது கடலைப் பார்த்த சேற்றுப் பரப்பு ஒன்றுதான். வேலி கிடையாது, வழக்கு கிடையாது, வரிசையாக நட்டால் புகைப்படமும் நன்றாக விழும். அங்கேயே நடுவது என்று முடிவானது.

பணம் ஐந்து மாதம் தாமதமாக வந்தது. சுரபுன்னையின் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, நீளப் பென்சில் மாதிரி தொங்கும். பழுத்து விழுகிற பருவத்தில் போனால் ஒரு காலையில் கூடை கூடையாகப் பொறுக்கலாம், காசு செலவே இல்லை. எங்களுக்குப் பணம் வந்தபோது மரம் வெறுமையாக இருந்தது. திட்டம் முடியும் தேதியை மட்டும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போட மாட்டோம் என்றார்கள். நாற்றை விலைக்கு வாங்கி, கடல் வற்றுகிற நேரத்தில் முழங்கால் சேற்றில் நின்று, பதினொரு நாளில் நட்டு முடித்தோம்.

மூன்றாவது மாதம் போய்ப் பார்த்தபோது தண்டைச் சுற்றிக் கொட்டலசு ஒட்டியிருந்தது, படகின் அடியில் கெட்டியாக ஒட்டிக்கொள்ளுமே, அந்தச் சின்ன ஓட்டுயிர். நகத்தால் சுரண்டினேன், சிமெண்டு மாதிரி பிடித்திருந்தது. அந்தக் கனத்துக்கே கன்று சாய்ந்துவிடும். அடுத்த கடல் ஏற்றம் வந்தால் சேற்றோடு படுத்துக்கொள்ளும். ஆனால் அறிக்கை அதற்கு முன்பே போய்விட்டது. 'நடப்பட்ட கன்றுகள் 8,000. இலக்கு நிறைவேறியது.' எழுதிய தேதியில் அது பொய் இல்லை. பாராட்டுக் கடிதம் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து எண்ணினோம், 200கூடத் தேறவில்லை. அந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது, புரட்டும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

எண்ணிக்கொண்டிருந்த அன்று எங்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர் சேற்றில் நின்றபடியே கேட்டார்: "ஏம்மா, கன்னு எத்தனைன்னு கேக்குறாங்க. தண்ணி எத்தனை நேரம் நிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலியே?"

அவர் கேட்ட கேள்விதான் உலகம் முழுக்க அலையாத்தி மீட்பில் சறுக்கிய இடம் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு நிறைய இடங்களில் அலையாத்தி நட்டார்கள். அவற்றை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. சுமார் 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் நடந்த வேலையில் காடாக நின்றது 200 முதல் 220 ஹெக்டேர். அலையாத்தியைத் தண்ணீருக்குள் வளரும் மரம் என்று நினைத்துவிடுகிறோம். அது பெரும்பாலான நேரம் வெளியே நின்று மூச்சு விட வேண்டிய மரம். மொத்த நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் மூழ்கியிருந்தால் பிழைக்கும், அதற்கு மேல் போனால் பிழைப்பது கஷ்டம். ராபின் லூயிஸ் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் தண்ணீரின் போக்கைச் சரிசெய்யுங்கள், விதை தானாக வரும், வராவிட்டால் மட்டும் நடுங்கள் என்றார். தண்ணீரைச் சரிசெய்யும் வேலையைக் கன்றுக் கணக்குக் கேட்கிற படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இரண்டாவது முறை ஜி.இ.எஃப். என்கிற உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு நிதித் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். எனக்குத் தெரிந்த நிதிகளில் நான் மனதார சிபாரிசு செய்வது இதைத்தான். ரியோ புவி உச்சி மாநாடு நடந்த 1992-ஆம் ஆண்டே தொடங்கியது, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக நடக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் வரை என்பது நீண்ட காலம் இருந்த உச்சவரம்பு. பெரும்பாலான குழுக்கள் அதில் பாதியைச் சுற்றித்தான் வாங்குகின்றன. தனிநபருக்குத் தருவதில்லை, ஊர்க்குழுவோ தொண்டு நிறுவனமோ ஆக இருக்க வேண்டும்.

என்னைக் கவர்ந்தது மூன்று விஷயம். யாருக்குப் பணம் என்பதை அந்தந்த நாட்டிலேயே ஒரு வழிகாட்டுக் குழு முடிவு செய்கிறது. அதில் அரசு சாராதவர்கள்தான் பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்தது, உள்ளூர் மொழியிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத்துக்குப் பதிலாகப் புகைப்படமோ காணொளியோ வைத்துக்கூடத் திட்டத்தைச் சொல்ல இடம் உண்டு. நாங்கள் 22 புகைப்படங்களை ஒரு பெரிய அட்டையில் ஒட்டி, ஒவ்வொன்றையும் பற்றி அந்தந்த ஆளையே பேச வைத்துப் பதிவு செய்து அனுப்பினோம். நண்டு வளை எங்கே இருந்தது, எந்த வரப்பு கட்டிய பிறகு காணாமல் போனது என்று விரல் வைத்துச் சொன்னார்கள். நான் 12 பக்கம் எழுதியிருந்தாலும் அது வந்திருக்காது.

மூன்றாவது, திட்டமிடுவதற்கென்று தனியாக ஒரு சிறிய தொகை தருகிறார்கள். இதன் அருமை வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். மற்ற இடங்களில் திட்டம் எழுதுவது உங்கள் சொந்தச் செலவு. எழுத வேண்டுமானால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்துகொள்ள நாள் வேண்டும், அந்த நாளில் நண்டுக்குப் போகாதவர் வீட்டில் என்ன செய்வார்கள்? அந்தப் பணத்தில் நாங்கள் தண்ணீரை அளந்தோம். மூங்கில் கழியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு, ஒன்பது இடத்தில் ஊன்றினோம். அமாவாசையில் தொடங்கி அடுத்த அமாவாசை வரை, ஆள் மாற்றி ஆள், இரவில் டார்ச் அடித்து மணிக்கு ஒரு தடவை பார்த்துக் குறித்தோம். நான் மூன்று இரவு போனேன். கழியைச் சுற்றி மீன் துள்ளும் சத்தம்தான் துணை. குறித்த நோட்டு ஈரத்தில் ஊறிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, அடுப்புச் சூட்டில் காயவைத்துப் பிரித்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், நாங்கள் நட்ட சேற்றுப் பரப்பு ஒரு நாளில் பாதிக்கு மேல் மூழ்கியே கிடந்திருக்கிறது. கைவிடப்பட்ட இறால் குளத்தின் தரை சரியான உயரத்தில் இருந்தது. வரப்பு மூடியிருந்ததால் அதற்குள் ஏற்றமும் வற்றமும் போகவே இல்லை. ஆக, வரப்பை இரண்டு இடத்தில் உடைத்து, பழைய ஓடை இருந்த தடத்திலேயே 340 மீட்டர் வாய்க்கால் வெட்டுவதுதான் வேலை. கன்று ஒன்றுகூட நடப் போவதில்லை. இப்படி எழுதினால் யார் பணம் தருவார்கள் என்று எனக்கு நடுக்கம்தான். நேரில் வந்து கழிகளைப் பார்த்துவிட்டுப் போன சிறு நிதித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர், "இதையே எழுதுங்க, மாத்தாதீங்க" என்றார்.

அந்த வழிகாட்டுக் குழுவில் ஒருவர் கேட்ட கேள்வியை மறக்க மாட்டேன். காடு வளர்ந்த பிறகு அது யாருடையது? நாங்கள் அதை யோசித்திருக்கவில்லை. அந்தக் கேள்வியால்தான் குளத்தின் உரிமையாளரோடு 15 வருடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டோம். வேலையைத் தொடங்கிய பிறகு அவர் வீட்டில் பாகப்பிரிவினை நடந்தது. அந்தத் தாள் இல்லாவிட்டால் வரப்பை மறுபடி கட்டியிருப்பார்கள். ஊரைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பரிசீலிப்பதில் கிடைக்கிற லாபம் இதுதான். ஆயிரம் மைலுக்கு அப்பால் மதிப்பெண் போடுகிறவருக்கு இந்தக் கேள்வி வராது.

குறை இல்லாமல் இல்லை. ஜி.இ.எஃப்.புக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் நாடுகளிடமிருந்து பணம் திரட்டுகிறார்கள். ஒரு நாட்டுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் அடுத்த அழைப்பு வரும்வரை கதவு மூடித்தான் இருக்கும். உங்கள் பங்களிப்பையும் காட்டச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், ரொக்கம்தான் என்றில்லை, உழைப்பையும் படகையும் இடத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உட்கார்ந்து யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று யோசித்தால் சண்டைதான் வரும்.

அடுத்தது ரஃபர்டு அறக்கட்டளை. பிரிட்டனைச் சேர்ந்தது, வளரும் நாடுகளில் களத்தில் நடக்கும் இயற்கைப் பாதுகாப்பு வேலைகளுக்குச் சில ஆயிரம் பவுண்டு தருகிறது. இங்கே விண்ணப்பிக்கிறவர் தனிநபர். எங்கள் குழுவில் ஒருவரின் மகள் விலங்கியல் படித்தவள், வாய்க்கால் வெட்டிய பிறகு நண்டு எப்படித் திரும்புகிறது என்று பார்க்க அவள் பெயரில் கேட்டோம். வருடம் முழுக்க இணையத்தில் விண்ணப்பிக்கலாம், உங்களைத் தெரிந்த மூன்று பேர் பரிந்துரை எழுத வேண்டும். முதல் நிதியை நன்றாக முடித்தால் இரண்டாவது, அதற்கடுத்தது என்று ஏணி மாதிரி ஏறலாம்.

இதில் எனக்குப் பிடித்தது அறிக்கைப் படிவம். ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே 'நிறைவேறவில்லை', 'ஓரளவு நிறைவேறியது', 'முழுமையாக நிறைவேறியது' என்று மூன்று கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே, எதிர்பாராமல் வந்த சிக்கல்கள் என்ன, எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்கள். நிறைவேறவில்லை என்று எழுதவும் ஒரு கட்டம் அச்சடித்து வைத்திருக்கிறார்களே என்று எனக்குக் கண் கலங்கியது. முதல் நிதியின் படிவத்தில் இப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் கொட்டலசைப் பற்றி எழுதியிருப்பேன். இவர்கள் நிதி வாங்கியவர்களின் அறிக்கைகளை இணையதளத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதும் முன், உங்கள் வேலையைப் போன்ற வேலை செய்தவர்களின் அறிக்கை நான்கையாவது படித்துவிடுங்கள், சிக்கல்கள் எழுதியிருக்கிற பகுதியை முதலில். ஒரு எச்சரிக்கை: பணம் ஒருவர் பொறுப்பில் வருவதால், குழுவுக்குள் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். உறவு கெடாமல் இருக்கும்.

பவுண்டில் வாங்குகிறவர்கள் நாணய மாற்றையும் மனதில் வைக்க வேண்டும். 2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்று பிரிட்டனில் நடந்த வாக்கெடுப்பு முடிந்த மறுநாள், டாலருக்கு எதிரே பவுண்டு ஒரே நாளில் 8 சதவீதம் போலச் சரிந்தது. சிறிய பட்ஜெட்டில் 8 சதவீதம் என்பது ஒரு மாதப் படகு டீசல். முக்கியமான செலவைப் பணம் கைக்கு வந்ததுமே முடித்துவிடுவது நான் கற்றுக்கொண்ட பாடம்.

மற்றவற்றை நான் வாங்கிப் பார்த்ததில்லை, விசாரித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன். ஒரு குறிப்பிட்ட உயிரினத்தைக் காப்பதுதான் உங்கள் வேலை என்றால் முகம்மது பின் சயீத் உயிரினப் பாதுகாப்பு நிதியைப் பாருங்கள், 25,000 டாலர் வரை தருகிறார்கள். காடு, நீர்நிலை என்று பொதுவாக எழுதினால் அங்கே எடுபடாது. இளம் ஆய்வாளர்கள் அணியாகச் சேர்ந்து போக கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம் இருக்கிறது, 1985-இல் தொடங்கியது, பணத்தோடு பயிற்சியும் கொடுப்பது அதன் பலம். குளோபல் கிரீன்கிராண்ட்ஸ் நிதியத்துக்கு நேராக விண்ணப்பம் அனுப்ப முடியாது. அங்கங்கே இருக்கிற ஆலோசகர்கள் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். பதிவுகூட இல்லாத சிறு குழுவுக்கு அது வரம், ஆலோசகர் யாரையும் தெரியாத குழுவுக்கு அது பூட்டிய கதவு. சி.இ.பி.எஃப். (கிரிட்டிக்கல் ஈக்கோசிஸ்டம் பார்ட்னர்ஷிப் ஃபண்ட்) 2000-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பல்லுயிர் செறிந்த குறிப்பிட்ட பகுதிகளில் மட்டும், சில வருடங்களுக்கு மட்டும் வேலை செய்கிறது. உங்கள் பகுதி அந்த நேரத்தில் அதன் வரைபடத்துக்குள் இருந்தால் விடாதீர்கள்.

பொருளாளராக எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இது ஒரு நிறுவனத்தைப் பற்றியது இல்லை, நான் பார்த்த பெரும்பாலான படிவங்களில் இருப்பது. நாற்றுக்குப் பணம் உண்டு, பயிற்சிப் பட்டறைக்கு உண்டு, பேனருக்குக்கூட உண்டு. கணக்கு எழுதுகிறவளின் நாளுக்குக் கிடையாது. ஒரு முறை 43 வவுச்சர்கள் திரும்பி வந்தன, வரி எண் இல்லையாம். துடுப்புப் படகு வைத்திருப்பவரிடம் வரி எண் எங்கே இருக்கும்? அவர் கைநாட்டு வைத்துக் கொடுத்த தாள்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் வீடாகப் போய்ச் சாட்சிக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்ப ஆறு வாரம் ஆனது. அதுவரை இரண்டாம் தவணை நின்றது, வாய்க்கால் வேலை பாதியில் நின்றது. வெட்டி மேலே போட்ட மண் மழையில் கரைந்து வாய்க்காலுக்குள்ளேயே போனது. அதை மறுபடி அள்ளியதற்கு எந்தக் கட்டத்திலும் பணம் இல்லை. தணிக்கைச் செலவும் அப்படித்தான். பெரிய திட்டத்துக்கும் சின்னத் திட்டத்துக்கும் ஒரே மாதிரி தணிக்கை கேட்கிறார்கள். எங்களுக்கு வந்த நான்கில் சிறியதில், ஏழில் ஒரு பங்கு தணிக்கையாளருக்கே போனது. விண்ணப்பம் அனுப்பும் முன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள், கேட்டால் பதில் சொல்லத்தான் செய்கிறார்கள்.

சிறு நிதி முடிந்த பிறகு என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது கென்யாவின் காசி வளைகுடாவில் இருக்கிற மிக்கோக்கோ பமோஜா. சுவாஹிலியில் 'சேர்ந்து அலையாத்தி' என்று பொருள். 117 ஹெக்டேர் அலையாத்திக் காட்டை ஊர் மக்கள் பாதுகாத்து, காடு உறிஞ்சி வைக்கிற கரியமிலத்துக்குக் கிடைக்கிற கார்பன் வரவை விற்று, அந்தப் பணத்தைக் குடிநீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவிடுகிறார்கள். 2017-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஊர்க்குழுக்களுக்குத் தருகிற ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. அந்த நிலைக்கு ஒரு வருட நிதியில் யாரும் போக முடியாது. அவர்களுக்குப் பின்னால் பல வருட ஆராய்ச்சியும் நடவும் பராமரிப்பும் இருக்கிறது. காட்டை வருடா வருடம் போய் எண்ணிப் பார்க்கத்தான் யாரும் பணம் தருவதில்லை. நட்டவுடன் எடுக்கிற படத்துக்குக் கிடைக்கிற பணம், ஐந்தாம் வருடப் படத்துக்குக் கிடைப்பதில்லை.

எங்கள் குளத்தில் இப்போது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சட்டம் போட்டு எண்ணுகிறோம். வரப்பு உடைத்த இரண்டாவது மழைக்குப் பிறகு முதல் சட்டத்தில் 14 கன்று இருந்தது. எல்லாம் அவரை விதை மாதிரி இருக்கிற வெண்கண்டல் விதையிலிருந்து வந்தவை, ஏற்றத்தில் மிதந்து வந்து தாமாக ஊன்றியவை. அந்த மூத்த அம்மா குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பிறகு என்னிடம் திரும்பி, "இதை நாம நட்டோம்னு எழுதிடாதே" என்றார். அறிக்கையில் 'நடப்பட்டவை: 0' என்றும், அதற்குப் பக்கத்தில் சட்டத்தின் படத்தையும் வைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த குளத்துக்கான விண்ணப்பம் போன வாரம் போனது. அதன் தரை கொஞ்சம் தாழ்ந்தது, அங்கே சுரபுன்னை முளைவிதையும் ஊன்ற வேண்டும். முதல் தவணை எப்போது வேண்டும் என்ற கட்டத்தில் இந்த முறை நான் தேதி போடவில்லை. 'முளைவிதை விழத் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு' என்று எழுதி, கீழே 17 பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.